மரத்தின் நோய் எங்கே இருக்கிறது

வேப்பமரம் கருகுவதை முதன்முறை காண்பவருக்கு, யாரோ இரவோடு இரவாக உச்சியில் தீ வைத்துவிட்டுப் போனதாகவே தோன்றும். மழைக்காலத்தின் நடுவே, ஊரெல்லாம் பச்சையாக இருக்கும்போது, வேம்பின் நுனிக்கிளைகள் மட்டும் பழுப்பேறும். இலைகள் சுருண்டு, உதிரவும் மனமில்லாததுபோல் காம்போடு தொங்கும். கருகல் ஒவ்வொரு கிளையிலும் நுனியிலிருந்து அடியை நோக்கி இறங்கும். தை பிறக்கும்போது மரம் முழுவதும் துருப்பிடித்த தகரத்தின் நிறம். அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி எனச் சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருக்கும் எங்களுக்கு இது இப்போது பழகிய காட்சி.

எங்கள் தெருவுக்கு அது 2022இன் மழைக்காலத்தில் வந்தது. தெரு பதறியது. கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்றார் ஒருவர். அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றார் ஒரு பாட்டி. திருவேற்காட்டுக் கருமாரியம்மன் ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கையில் இந்த விளக்கத்துக்கு எப்போதும் ஆதரவு உண்டு. இவை இரண்டும் யாருக்கும் தீங்கு செய்யாத கருத்துகள். மூன்றாவதுதான் ஆபத்தானது: பட்டுப்போன மரங்கள் தலையில் விழுவதற்குள் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்பது. மனு எழுதிக் கையெழுத்தும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அரசு நிலத்திலுள்ள மரத்தை வெட்டுவதற்கு, 2021இல் ஏற்படுத்தப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதனால் சில வாரங்கள் அவகாசம் கிடைத்தது. ஞாயிறுதோறும் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் ஐந்து பேர், அந்த வாரங்களில் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு மரங்களின் அடியில் நிற்கத் தொடங்கினோம். தெருவில் 11 வேம்புகள் இருந்தன.

முதலில் தெரிந்துகொண்டது, இந்த நோய் புதியதன்று என்பது. வேம்பின் நுனிக்கருகலுக்குக் காரணமான பூஞ்சையை 1997இலேயே இந்திய ஆய்வாளர்கள் தனி இனமாக விவரித்து, ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்று பெயரிட்டிருக்கிறார்கள். மழைத்துளி தெறிக்கும்போது அதன் வித்துகள் கிளைக்குக் கிளை தாவுகின்றன. விதையோடும் பயணம் போகின்றன. ஆகவேதான் மழை தொடங்கியதும் நோயும் தலையெடுக்கிறது. 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்புகள் கருகியபோதுதான் செய்தித்தாள்கள் விழித்துக்கொண்டன. பூஞ்சைக்குத் துணையாக ஒரு பூச்சியும் உண்டு. தேயிலைக் கொசு என்பது அதன் பெயர். பெயரில்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முந்திரி பயிரிடுவோருக்கு நன்கு தெரிந்த பகை. வேம்பின் இளந்தளிரில் அது வாயைக் குத்தும்போது உமிழ்நீரில் உள்ள நஞ்சு இறங்கி, தளிர் கருகிவிடும்.

இரண்டையும் பிரித்தறிவது முற்றிலும் இயலாத காரியமன்று. பூச்சி குத்திய தளிரில் கரும்புள்ளிகளும் நீள்வடிவத் தழும்புகளும் தனித்தனியே தெரியும். சில இடங்களில் பிசின் கசிந்து உறைந்திருக்கும். பூஞ்சையாயின் குச்சியைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே கட்டை பழுப்பாக நிறம் மாறியிருக்கும்; அந்தப் பழுப்பு, வெளியே கருகல் முடிந்ததாகத் தோன்றும் இடத்தையும் தாண்டிக் கீழே போயிருக்கும். பெரும்பாலான மரங்களில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பூச்சி இட்ட புண்ணில் பூஞ்சை குடியேறுவதில் வியப்பொன்றும் இல்லை.

ஆனால் தெருவின் கேள்வி அதுவன்று. மரம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், கட்டைவிரல் நகம் போதும். கிளையின் மேற்பட்டையை நகத்தால் சற்றே சுரண்டினால், அடியில் ஈரமும் பச்சையும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, நார்போல் வந்தால் அந்த இடம் முடிந்தது. நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாணாகக் கீழே சுரண்டிக்கொண்டே வரவேண்டும். ஏணி வைத்து ஒவ்வொரு மரத்திலும் அப்படிப் பார்த்தோம். 11 மரங்களிலும் சுண்டுவிரல் பருமனுக்குக் கீழே பச்சை இருந்தது. மனுவில் முதலில் கையெழுத்திட்டவரையே ஏணியில் ஏற்றிச் சுரண்டவைத்தோம். அவர் இறங்கிவந்து ஒன்றும் பேசவில்லை. ஆனால் மனு அதற்குமேல் நகரவில்லை.

பங்குனியில் ஒன்பது மரங்கள் முழுவதுமாகத் துளிர்த்தன. இரண்டு அரைகுறையாகத் துளிர்த்தன. பூதான் இல்லை. சித்திரை முதல்நாள் பச்சடிக்கு வேப்பம்பூவை நாட்டுமருந்துக் கடையில் வாங்கவேண்டியிருந்தது. வாசலில் வேம்பு நிற்கும் வீட்டிலேயே இந்த நிலை. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நுனிக்கருகல் ஓராண்டில் மரத்தைக் கொல்வது அரிது. அதற்காக அது ஒன்றுமில்லாத நோயும் அன்று. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்தால் மரம் சேமித்ததையெல்லாம் துளிர் விடுவதிலேயே செலவழித்து நொடித்துப்போகும். கருகிய நுனிகளைப் பழுப்பு முடியும் இடத்துக்கும் ஒரு சாண் கீழே வெட்டி அப்புறப்படுத்துவதும், உதிர்ந்த குச்சிகளை மரத்தடியிலேயே குவித்துவைக்காமல் இருப்பதும், கோடையில் தண்ணீர் விடுவதும் செய்யக்கூடியவை. கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லிகளை வேளாண் துறையினர் பரிந்துரைக்கிறார்கள். நாற்றுக்கும் இளமரத்துக்கும் அது சரி. கீழே தேநீர்க் கடையும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கும் சாலையில் 40 அடி உயரத்துக்கு விசைத்தெளிப்பான் வைத்து அடிப்பதை நாங்கள் விரும்பவில்லை.

தமிழில் மனிதர் சாவார்கள், மரம் பட்டுப்போகும். இந்தச் சொல் அழகானதுதான். ஆனால் சற்று அவசரப்படும் சொல். இலை இல்லாத மரத்தைக் கண்டதுமே நம் வாய் அதைச் சொல்லிவிடுகிறது. நற்றிணையின் 226ஆம் பாடல், மருந்தாகும் மரமேயானாலும் அது செத்துப்போகும் அளவுக்கு மாந்தர் அதிலிருந்து மருந்து எடுப்பதில்லை என்ற எண்ணத்தோடு தொடங்குகிறது. பொருளுக்காகத் தலைவன் பிரிந்ததைச் சொல்லவந்த தலைவியின் கூற்றில் அது ஓர் உவமைதான். ஆனாலும் அந்த உவமை எடுபட வேண்டுமென்றால், மரத்தைச் சாகவிடாமல் மருந்தெடுப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பழக்கமாக இருந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் வேம்பைக் கிளைகிளையாக ஒடித்துச் செல்லும் இன்றைய பக்தர்களுக்கு இதைப் படித்துக்காட்டலாம். கேட்பார்களா என்பது வேறு.

நிற்க. அந்த ஆண்டு முழுவதும் மரங்களைப் பார்த்துத் திரிந்ததில் ஒன்று தெளிவாயிற்று. பார்க்கச் சகிக்காத நோய்கள் பலவும் மரத்தைக் கொல்வதில்லை. புங்கமரத்தை எடுத்துக்கொள்ளலாம். புறநகர்க் குடியிருப்புகளில் நிழலுக்கென்று அதிகம் வைக்கப்படுவது அதுதான். அதன் இலை முழுவதும் அம்மை போட்டதுபோல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் இலைக்குள் புகுந்து கட்டிக்கொண்ட வீடுகள் அவை. நூறு கொப்புளம் உள்ள இலையும் வெயிலை உண்டு மரத்துக்குச் சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் கொப்புளத்துக்காகவே வெட்டப்பட்ட புங்கைகள் எங்களுக்குத் தெரிந்து சில உண்டு.

தென்னைக்குக் கீழே கொய்யா, செம்பருத்தி, நிறுத்தியிருக்கும் வண்டி எல்லாவற்றின்மேலும் கரிபூசியதுபோல் படிவது இன்னொன்று. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடியில் சுருள்சுருளாக முட்டையிட்டு, சாறு உறிஞ்சி, தேன்போன்ற கழிவைச் சொட்டவிடுகிறது. அந்த இனிப்பில் வளரும் கரும்பூசணம்தான் கரி. மரத்தின் உடலுக்குள் அது போவதில்லை. தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் கழுவிக்கொண்டு போகும். ஈயை அடக்க என்கார்சியா என்னும் மிகச்சிறிய குளவி தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது. பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

எல்லாவற்றையும் இப்படி அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது என்பதற்குக் கல்யாண முருங்கை சாட்சி. பந்தக்கால் நடவும் வேலியில் நிறுத்தவும் இருந்த மரம். அதன் இலையில் அடை சுடாத வீடு ஒருகாலத்தில் குறைவு. 2000களின் நடுவில் இந்தியாவுக்குள் வந்த ஒரு சிறு குளவி அதன் தளிரிலும் காம்பிலும் முட்டையிட்டு, உருத்தெரியாத முண்டுகளாக வீங்கவைத்தது. 2005இல் ஹவாய்த் தீவுகளுக்குள் புகுந்த அதே குளவியை அடக்க, அதன் இயற்கைப் பகையான வேறொரு குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுசென்று 2008இல் விட்டார்கள். இங்கே கல்யாண முருங்கைக்கு அப்படி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திருமணத்துக்கு வேறு கொம்பு கிடைத்துவிட்டது.

இனி, கொல்லும் நோய். எங்கள் தெருமுனையில் ஓர் இயல்வாகை நின்றது. பங்குனி, சித்திரையில் தெருவில் மஞ்சள் விரிக்கும் மரம். வேம்புகள் கருகிக் கிடந்த நாட்களில், பார்த்தாலே குளுமை என்று எல்லாரும் காட்டியது அதைத்தான். 2023 கோடையில் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து தேங்காய் பறிக்க வரும் பெரியவர் ஒருவர் அந்த நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துவிட்டு, அடிமரத்தைக் கத்தியின் பிடியால் தட்டினார்.

"மேலயே பாத்துக்கினு இருக்கீங்களே தம்பி, இது காலைப் பாருங்க. குடம் மாதிரி சத்தம் வருது."

தரையை ஒட்டி, சிமெண்டு விளிம்புக்கும் பட்டைக்கும் நடுவில், வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கனோடெர்மா என்னும் காளான். தென்னையில் அடித்தண்டழுகலை உண்டாக்குவதும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். 1952இல் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்ற பெயரும் அதற்கு உண்டு. தென்னையானால் அடித்தண்டில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பு நீர் கசியும்; அதிலேயே தெரிந்துகொள்ளலாம். மற்ற மரங்களில் அத்தகைய அறிவிப்பு பல நேரம் இருப்பதில்லை. பூஞ்சை வேரிலும் அடிமரத்திலும் பல ஆண்டுகள் உண்டு கொழுத்து, கடைசியில்தான் தட்டை வெளியே நீட்டுகிறது. அந்தத் தட்டு நோயின் தொடக்கமன்று, வித்துகளைத் தூவும் அறுவடைக்காலம். அதுவரை இலை பச்சையாகவே இருக்கலாம். நீரை மேலே கொண்டுசெல்வது கட்டையின் வெளிவட்டம். மரத்தைத் தாங்குவதற்கோ உள்வட்டமும் வேரும் வேண்டும். வெளிவட்டம் நன்றாக இருக்கும்வரை, தாங்கும் வலு போனபிறகும் மரம் செழிப்பாகவே காட்சி தரும்.

இதைத் தெருவில் சொன்னோம். உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். வந்து பார்த்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று போய்விட்டார். கருகிய வேம்பை வெட்டாதே என்று சொன்ன அதே ஆட்கள் பசுமையான இயல்வாகையை வெட்டச் சொல்வது தெருவுக்கு வேடிக்கையாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர், ஆவடிப் பகுதிகள் நீரில் நின்ற அந்த இரவில் இயல்வாகை வேரோடு சாய்ந்தது. வேரோடு என்பதும் சரியான சொல்லன்று. ஒரு பக்கம் வேரே இல்லை. கையால் பிசைந்தால் உதிரும் வெண்பஞ்சு போன்ற ஒன்று இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் என்பதால் ஒரு சுற்றுச்சுவரோடு போயிற்று. 2022 ஜூனில் கே.கே. நகரில் புயல் ஏதுமில்லாத ஒரு மாலையில் மரம் காரின்மீது விழுந்து ஒரு பெண் உயிரிழந்ததை நினைத்துக்கொண்டோம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களைப் பற்றிப் பேசும்போது, தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை போன்ற அயல் மரங்கள்தாம் விழுந்தன, நம் மரங்கள் நின்றன என்று சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆயினும் அது முழு விடையன்று. வேர் பிடித்துக்கொள்ள மண் இருந்ததா என்று கேட்டால் அயல் மரமென்ன, உள்ளூர் மரமென்ன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு மனையை உயர்த்தினார்கள். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறியது. நடுவில் நின்ற மரம் கணுக்கால்வரை இடிபாட்டில் புதைந்தது. அடிமரமும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி காற்றில் உலர்ந்தபடி இருக்கவேண்டியது. அதை மண்ணால் மூடினால் பட்டை ஈரத்தில் நைந்துபோகும், பூஞ்சைக்கு அங்கேதான் வாசல் திறக்கும். ஆரோக்கியமான மரத்தின் அடி, நிலத்தைத் தொடும் இடத்தில் பாவாடைபோல் விரிந்திருக்கும். கம்பம் நட்டதுபோல் நேராக இறங்கினால் புதைந்திருக்கிறது என்று பொருள். அதன்மேல் நடைபாதைக் கற்களும் சிமெண்டும். மழைநீர் வடிகாலுக்கும் கம்பிவடத்துக்கும் சாக்கடைக் குழாய்க்கும் அடுத்தடுத்துத் தோண்டியதில் ஒரு பக்க வேர் முழுவதும் போய்விடும். அறுபட்ட வேர்முனை, திறந்த புண். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லிக்கு ஆணையிட்டது. ஒரு மீட்டரும் குறைவுதான். எங்கள் தெருவில் அதற்கே வழியில்லை. ஆணியைப் பற்றியும் சொல்லவேண்டும். மரத்தில் விளம்பரம் அடித்தால் 25,000 ரூபாய்வரை அபராதம் என்று 2019இல் சென்னை மாநகராட்சி எச்சரித்தது. வாடகைக்கு வீடு, ஆங்கிலம் பேசப் பயிற்சி, மூலத்துக்கு மருத்துவம் ஆகியவை இன்னும் ஆணியில்தான் தொங்குகின்றன.

காயம் என்றதும் எங்கள் பக்கத்துக் கோயில் கதை நினைவுக்கு வருகிறது. வடதிருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்க, அவன் வாளால் கொடியை வெட்டினான். அடியிலிருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து குருதி பெருகியது. இன்றும் மாசிலாமணி ஈசுவரருக்கு அந்தக் காயத்தின்மேல் சந்தனக்காப்பு. சித்திரையில் ஒருமுறைதான் களைவார்கள். கொடியை வெட்டிய வெட்டு கடவுள்மேல் விழுந்ததாக ஒரு ஊர் நம்புவது சிறிய செய்தியன்று. அதே ஊரில் மின்கம்பிக்காக மரத்தை வெட்ட வந்தவர்கள் கிளைகளை மொட்டையடித்து, தோல் உரிந்து தொங்க விட்டுவிட்டுப் போனார்கள்.

மரத்தின் காயம் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை இயந்திர ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்து 1970களில் நிறுவியது இதைத்தான். நம் தோல்போல் மரம் புண்பட்ட சதையைப் புதுப்பிப்பதில்லை. அழுகிய பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் புடைத்த விளிம்பு ஒன்று உண்டு. அந்தச் சுவரைக் கட்டும் கொத்தனார்கள் இருப்பது அங்கே. அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டினால் அவர்களையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம்; ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்த முளை அழுகி உள்ளே இறங்கும். புடைப்புக்குச் சற்று வெளியே வெட்டுவதுதான் முறை. பெரிய கிளையாயின், முதலில் ஒரு முழம் தள்ளி அடிப்பக்கத்திலிருந்து கால்வாசி அறுத்து, பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட்டு, கடைசியில் மிச்சத்தைச் சீராக எடுக்கவேண்டும். அப்படிச் செய்தால் கிளையின் கனம் பட்டையைக் கிழித்துக்கொண்டு போகாது.

வெட்டிய இடத்தில் தார் பூசுவதும், பொந்தைச் சிமெண்டால் அடைப்பதும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் வேலை. மழைக்காலத்தில் வெட்ட நேர்ந்தால் மட்டும் போர்டோ பசை பூசுகிறோம். 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைத் திருடாதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துவைத்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் பூசண நோய்க்குத் தப்பியதை மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்ததிலிருந்து வந்தது இந்தக் கலவை. ஒரு கிலோ மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை ஐந்து லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, மயில்துத்த நீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கவேண்டும். பாத்திரம் மண்ணாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கவேண்டும்; இரும்பு கூடாது. பளபளப்பான ஒரு கத்தியை முக்கி எடுத்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றே பயன்படுத்தவேண்டும்.

இயல்வாகை நின்ற குழியில் உடனே வேறு மரம் வைக்கும்படி தெரு கேட்டது. பழைய வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுக்காமல் அங்கே நடுவது, நோயாளி படுத்த பாயில் குழந்தையைப் படுக்கவைப்பதற்கு ஒப்பாகும். கிடைத்தவரை வேரை எடுத்து, குழியை ஒரு கோடை முழுவதும் வெயிலில் காயவிட்டு, வேப்பம்புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்னும் நன்மைசெய்யும் பூஞ்சையைக் கலந்து இட்டோம். இடத்தையும் பத்தடி தள்ளிக்கொண்டு, ஒரு பூவரசு வைத்திருக்கிறோம்.

வேம்புகள் அதற்கடுத்த மழையிலும் கருகின, முன்பைவிடக் குறைவாக. இப்போது யாரும் மனு எழுதுவதில்லை. மரத்தடிச் சிமெண்டை உடைக்கும் வேலைதான் மெதுவாக நடக்கிறது. மூன்று மரங்களுக்கு முடிந்தது. உடைத்த இடத்தில் செம்மண் கொட்டி, சருகு பரப்பி, சருகு அடிமரத்தைத் தொடாதபடி ஒரு சாண் விலக்கி வைத்திருக்கிறோம். நான்காவது மரம் ஒரு வீட்டின் கார் நிறுத்தத்துக்குள் அகப்பட்டிருக்கிறது. வீட்டுக்காரர் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருக்கிறார். மாசிக்குள் திரும்பிவிடுவதாகக் காவலாளியிடம் சொல்லியிருக்கிறாராம்.